பள்ளமா கறையா, அதைப் பார்த்துட்டு அப்புறம் லேசர்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 29 வயசு, மாநிறத்தை விட கொஞ்சம் கருப்பு. படிக்கிற காலத்துல வந்த பரு ரெண்டு கன்னத்துலயும் குழி குழியா தழும்பு விட்டுட்டுப் போயிடுச்சு, பழுப்பு கலர்ல கறையும் நிறைய இருக்கு, இப்பவும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பரு வந்துட்டுதான் இருக்கு. ஒரு கிளினிக்ல ஃப்ராக்‌ஷனல் சிஓ2 லேசர் போட்டா ரெண்டே செஷன்ல முடிஞ்சுடும்ங்கறாங்க. இன்னொரு இடத்துல அது உங்க ஸ்கின்னுக்கு வேணாம், எர்பியம் கிளாஸ் அஞ்சு செஷன் பண்ணலாம்ங்கறாங்க. ரெண்டு பேரும் அடிச்சு சொல்றாங்க, யார் சொல்றதைக் கேக்கறது?

பதில்: ரெண்டாவதா சொன்னவங்க பேச்சுதான் உங்களுக்குப் பொருந்துது, ஆனா அவங்களும் ஒரு விஷயத்தை விட்டுட்டாங்க. மெஷின் பேரை கொஞ்சம் தள்ளி வச்சுட்டு முதல்ல முகத்துல என்ன இருக்குன்னு பாருங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு கண்ணாடி முன்னாடி நின்னு செல்போன் டார்ச்சை காது பக்கத்துல வச்சு கன்னத்துக்குக் குறுக்கா அடிங்க, நிழல் விழுற இடமெல்லாம் பள்ளம். மறுநாள் பகல்ல ஜன்னல் பக்கம் நேரா நின்னு பாருங்க, அப்ப கண்ணுல படுற புள்ளிகள்ல எதுக்கெல்லாம் ராத்திரி நிழல் விழலையோ அதெல்லாம் வெறும் கறை. என்கிட்ட வர்றவங்க தழும்பு தழும்புன்னு அழுவாங்க, பார்த்தா முக்கால்வாசி கறையாத்தான் இருக்கும். கறைக்கு தோலைச் சுட வேண்டியதே இல்ல, தினமும் ஒழுங்கா சன்ஸ்கிரீன், அசெலாயிக் ஆசிட் மாதிரி ஒரு க்ரீம், சில மாச பொறுமை, பெரும்பாலும் அதுவே போதும்.

அடுத்து பள்ளத்தை விரலால ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க. இழுத்தா மறையுற அலை அலையான பள்ளம்னா அடியில நார் மாதிரி திசு தோலைக் கீழ பிடிச்சு இழுத்துட்டு இருக்குன்னு அர்த்தம், மேல எந்த லேசர் போட்டாலும் அந்தப் பிடி முழுசா விடாது, ஊசியை உள்ள விட்டு அதை அறுத்து விடணும், சப்சிஷன்னு சொல்வோம். ஊசி குத்துன மாதிரி குறுகலா ஆழமா இருக்கிற ஓட்டைக்கும் லேசர் அவ்வளவா எட்டாது, அதுக்கு டிசிஏ ஆசிட்டை அந்த ஓட்டைக்குள்ள மட்டும் ஒரு சொட்டு வைக்கிற முறை நல்லா வேலை செய்யும். ஓரம் வெட்டுன மாதிரி அகலமா, அதிக ஆழமில்லாம இருக்கிற பள்ளத்துக்குத்தான் லேசர் நல்ல பலன் கொடுக்கும். உங்க முகத்துல மூணும் கலந்துதான் இருக்கும், பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான், அதனால ஒரே மெஷின்ல எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு சொல்றவங்ககிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க.

இப்ப லேசர் கதைக்கு வருவோம். சிஓ2 லேசரோட அலைநீளம் 10,600 நானோமீட்டர், எர்பியம் யாக் 2,940. ரெண்டுமே தோல்ல இருக்கிற தண்ணியைக் குறி வச்சு அந்த இடத்தை ஆவியாக்கி எடுத்துடும், அதாவது நிஜமாவே புண்ணாகும். எர்பியம் யாக் கதிரை தண்ணி 10 மடங்குக்கு மேல வேகமா உறிஞ்சிக்கிறதால அது மேலாப்புல சுத்தமா சீவிடும், பக்கத்துத் தோலுக்கு சூடு அதிகம் பரவாது. சிஓ2ல சூடு பரவும், அதனாலதான் ரத்தம் கம்மியா வரும், தோலும் நல்லா இறுகும், அதே சூட்டாலதான் சிவப்பும் கருமையும் அதிகமா வரும். நீங்க சொல்ற எர்பியம் கிளாஸ், 1,550 நானோமீட்டர், பேர்ல எர்பியம் இருந்தாலும் எர்பியம் யாக் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அது மேல்தோலை எடுக்காம உள்ள மட்டும் சூடு வச்சு புது கொலாஜனை, அதாவது தோலைத் தாங்கிப் பிடிக்கிற புரதத்தை, வரவழைக்கும்.

ஃப்ராக்‌ஷனல்னா என்னன்னு கேக்கலாம். ஆரம்பத்துல முகத்து மேல்தோலை மொத்தமாத்தான் எடுத்தாங்க. 2004ல அமெரிக்காவுல டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழு வேற வழி சொன்னாங்க, நாத்து நடுறப்ப இடைவெளி விடுற மாதிரி முடி தடிமனுக்குப் புள்ளி புள்ளியா சூடு வச்சு நடுவுல நல்ல தோலை விட்டு வச்சா அந்த நல்ல தோல்ல இருந்து காயம் சீக்கிரம் மூடிக்கும்னு. இப்ப சிஓ2, எர்பியம் யாக், எர்பியம் கிளாஸ் மூணுமே இந்த முறையில கிடைக்குது, அதனால ஃப்ராக்‌ஷனல்னு சொல்லிட்டா மட்டும் சேஃப்னு ஆகிடாது.

உங்க விஷயத்துல எனக்கு முக்கியமா படுறது அந்தப் பழுப்புக் கறைதான். ஒரு சின்ன பரு ஆறும்போதே உங்க தோல் கருத்துப் போகுதுன்னா லேசர் போட்ட காயமும் அப்படித்தான் ஆறும், இதைவிட தெளிவான அறிகுறி எந்த டெஸ்ட்லயும் கிடைக்காது. ஃப்ராக்‌ஷனல் சிஓ2 அதிக பவர்ல போட்டா பள்ளம் கொஞ்சம் குறையும், ஆனா கன்னம் முழுக்க கருமை பரவி அது போக மாசக்கணக்கா ஆகலாம். அதனால உங்களுக்கு எர்பியம் கிளாஸ் இல்லன்னா மைக்ரோநீட்லிங் ரேடியோஃப்ரீக்வென்சி, ரெண்டுல ஒண்ணு எடுங்க, ரெண்டாவது லேசரே இல்ல, ஊசி வழியா உள்ள சூடு கொடுக்கிறது, அதனால கலரைப் பத்தின பயம் கம்மி. பண்றவங்ககிட்ட நீங்க கேக்க வேண்டியது எத்தனை பவர்ங்கறதை விட எவ்வளவு நெருக்கமா புள்ளி வைப்பீங்கன்னுதான், ஏன்னா கருமை வர்றதுக்கு ஆழத்தை விட நெருக்கமே பெரிய காரணம். டார்க் ஸ்கின்னுக்கு நெருக்கத்தைக் குறைச்சு ஒரு செஷனுக்கும் அடுத்ததுக்கும் 4 வாரத்துக்குப் பதில் 6 வாரமாவது விடணும், காதுக்கு முன்னாடி சின்ன இடத்துல டெஸ்ட் போட்டு சில வாரம் காத்திருந்து பார்த்துட்டு முழு முகத்துக்குப் போகணும். அவசரம்னு கிளினிக்காரங்க இதைத் தாண்ட நினைச்சா வேற இடம் பாருங்க.

ரெண்டு கிளினிக்கும் விட்டுட்ட விஷயம் என்னன்னா இப்பவும் வர்ற பரு. முதல்ல அதை மருந்து கொடுத்து அடக்கணும், புதுசா பள்ளம் விழுந்துட்டே இருக்கும்போது பழைய பள்ளத்தை நிரப்புறதுல அர்த்தமே இல்ல. இன்னொண்ணு, பள்ளம் முழுசா மறைஞ்சு பரு வராத முகம் மாதிரி ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நல்லா குறையும், வெளிச்சத்துல நிழல் மெலிசாகும், அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்னுதான் நான் நெனைக்கிறேன். கடைசி செஷன் முடிஞ்சு 3லருந்து 6 மாசம் வரைக்கும் கொலாஜன் மாறிட்டே இருக்கும், அதனால ரெண்டாவது வாரமே கண்ணாடியைப் பார்த்து மனசு விட்டுடாதீங்க.

கேள்வி: எர்பியம் கிளாஸ் போட்டு இன்னிக்கு மூணாவது நாள். முகம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு, காப்பித்தூள் தூவுன மாதிரி புள்ளி புள்ளியா தெரியுது. கருத்துடுச்சோன்னு பயமா இருக்கு மேடம்.

பதில்: பயப்படாதீங்கம்மா, அது நல்லபடியா ஆறுறதோட அடையாளம். லேசர் சுட்ட திசுவை தோல் மேல தள்ளி வெளியேத்துது, அதுதான் அந்தப் புள்ளி, ஒரு வாரத்துக்குள்ள தானா உதிர்ந்துடும். சொறியாதீங்க, ஸ்க்ரப் போடாதீங்க, உரிச்சு எடுக்காதீங்க, பிச்சு எடுத்த இடத்துலதான் நிஜமான கருமை வரும். மென்மையான க்ளென்சர், சாதாரண மாய்ஸ்சரைசர், வெயில்ல போனா சன்ஸ்கிரீனும் தொப்பியும், இப்போதைக்கு வேற எதுவும் வேணாம், வைட்டமின் சி, ரெட்டினால் எல்லாம் பாட்டில்லயே இருக்கட்டும். ஆனா சீழ் வந்தாலோ, வலி குறையாம நாளுக்கு நாள் கூடினாலோ, உதட்டுப் பக்கம் கொத்தா கொப்புளம் வந்தாலோ அன்னிக்கே போன் பண்ணிப் போய்க் காட்டிடுங்க. அந்தக் கொப்புளம் ஹெர்பிஸா இருக்கலாம், லேசர் சூட்டுல அது கிளம்பும், முன்னாடி எப்பவாவது வந்திருந்தா அடுத்த செஷனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, வைரஸ் மாத்திரை கொடுத்துட்டுதான் ஆரம்பிப்பாங்க.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு, நல்ல சிவப்பு. உதட்டைச் சுத்தி கோடு கோடா இருக்கு, கழுத்தும் சுருங்கிடுச்சு. மொத்தமா தோலை எடுக்கிற பழைய சிஓ2தான் பெஸ்ட்னு படிச்சேன், ஒரே தடவையில முகம் கழுத்து ரெண்டும் பண்ணிடலாமா?

பதில்: உதட்டுக் கோட்டுக்கு அதுதான் இன்னிக்கும் பலமான ஆயுதம், நீங்க படிச்சது சரிதான். ஆனா அம்மாகிட்ட விலையையும் சொல்லிடுங்க. ஒண்ணு ரெண்டு வாரம் பச்சைப் புண்ணா நீர் வடியும், பெட்ரோலியம் ஜெல்லியை வழிய வழிய தடவிட்டே இருக்கணும், காய விட்டா பொருக்கு கட்டிக்கும், வெளியில தலைகாட்ட முடியாது. புண் மூடின பிறகும் சிவப்பு மாசக்கணக்குல இருக்கும். சிலருக்கு ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு அந்த இடம் மட்டும் வெளுத்துப் போறதும் உண்டு, அது திரும்பாது. இதெல்லாம் தெரிஞ்சே சரின்னு சொன்னாங்கன்னா பண்ணலாம், இல்லன்னா ஃப்ராக்‌ஷனல்ல ரெண்டு மூணு தடவையா போகலாம், பலன் கொஞ்சம் கம்மி, கஷ்டமும் கம்மி.

கழுத்துக்கு மட்டும் அதே அளவு வேணவே வேணாம். தோல் எரிஞ்சு போன இடத்துல புதுத் தோல் ரோமக்கால்ல இருந்துதான் முளைச்சு வருது, முகத்துல ரோமக்கால் நெருக்கமா இருக்கு, கழுத்துல ரொம்பக் கம்மி, தோலும் மெலிசு. முகத்துக்கு வச்ச செட்டிங்கை கழுத்துல வச்சா ஆறாம தழும்பாவே நின்னுடலாம். லேசர் போடும்போது கண்ணுக்குக் கவசம் கட்டாயம், அம்மா சிகரெட் புகை அதிகமா இருக்கிற இடத்துல இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

கேள்வி: ரெண்டு கன்னத்துலயும் மங்கு. லேசர்ல ஒரேயடியா எடுத்துடலாமா?

பதில்: எடுத்த மாதிரி இருக்கும், திரும்பி வரும், சில நேரம் முன்ன விட கருப்பாவே வரும். மங்குக்கு சூடே ஆகாது. முதல்ல சன்ஸ்கிரீன், அதுலயும் அயர்ன் ஆக்சைடு சேர்த்த கலர் சன்ஸ்கிரீனா பாருங்க, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமே மங்கைக் கிளப்பி விடும், சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவா தடுக்காது. கூடவே டாக்டர் எழுதிக் கொடுக்கிற க்ரீம். யாரோ சொன்னாங்கன்னு ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் கலந்த ட்யூபை வாங்கி மாசக்கணக்கா பூசாதீங்க, தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சுடும். இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் கேக்கலைன்னா அப்புறம் பவர் கம்மியா ஏதாவது லேசர் யோசிக்கலாம், அப்பவும் க்ரீமை விடக் கூடாது.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன் டாக்டர். நிறுத்தி ஆறு மாசம் ஆனாத்தான் லேசர்ங்கறாங்க, நிஜமா?

பதில்: ரொம்ப காலமா எல்லாருமே அப்படித்தான் சொல்லிட்டு இருந்தோம் தம்பி. 2017ல தோல் மருத்துவ நிபுணர்கள் பழைய ஆதாரங்களை எல்லாம் அலசிப் பார்த்துட்டு ஃப்ராக்‌ஷனல் லேசருக்கு அவ்வளவு நாள் காத்திருக்கணும்ங்கறதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு சொன்னாங்க. தோலை மொத்தமா எடுக்கிற லேசருக்கு மட்டும் காத்திருக்கிறதுதான் இன்னமும் நல்லது. அதுக்காக எந்த டாக்டராவது ஆறு மாசம் போகட்டும்னு சொன்னா அவர்கிட்ட சண்டை போடாதீங்க, உங்களுக்கு முன்னாடி கெலாய்டு தழும்பு, அதாவது காயத்தைத் தாண்டிப் புடைச்சு வளர்ற தழும்பு, வந்திருந்தா அவர் சொல்றதுல காரணமும் இருக்கு. லேசர் போட்டே ஆகணும்னு மாத்திரையை மட்டும் பாதியில நீங்களா நிறுத்திடாதீங்க, கோர்ஸ் முடிக்காம விட்டா பரு திரும்ப வரும், புதுப் பள்ளமும் விழும்.