செர்ரி கவுண்டியில் செர்ரி விளைகிறதா?

சென்ற இதழில் அமெரிக்கக் கிராமப்புறங்களைப் பற்றி எழுதியபோது, நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டியை ஒரே வரியில் கடந்து போனோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் இவை. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு, ஏறத்தாழ நம் மாவட்டம் போல.

செர்ரிப் பழம் விளைவதால் வந்த பெயரா? தலைநகர் வேலன்டைனாமே, காதலர் தினத்தோடு சம்பந்தம் உண்டா? (வாசகி, கரூர்)

இரண்டுமே மனிதர்களின் பெயர்கள். நியோப்ராரா கோட்டையில் பணியாற்றி 1881இல் கொல்லப்பட்ட ராணுவ அதிகாரி சாமுவேல் செர்ரியின் பெயரைக் கவுண்டிக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நெப்ராஸ்காவின் உறுப்பினராக இருந்த எட்வர்ட் வேலன்டைனின் பெயர் ஊருக்கு.

ஆனாலும் பிப்ரவரியில் அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு வேலை கூடிவிடும். வாழ்த்து அட்டையை உறையிலிட்டு, சேர வேண்டிய முகவரியை எழுதி, தபால்தலை ஒட்டி, இன்னொரு பெரிய உறையில் வைத்து வேலன்டைனுக்கு அனுப்பினால், சிறப்பு முத்திரை குத்தி உரியவருக்கு அனுப்பி வைக்கிறார்கள். இங்கிருந்து அனுப்புகிறவர்கள் தவறுவது ஓரிடத்தில்தான்: உள் உறையில் அமெரிக்கத் தபால்தலை இருக்க வேண்டும். இந்தியத் தபால்தலை அங்கே செல்லாது.

பரப்பு 15,500 சதுர கி.மீ., மக்கள் 5,455 பேர் என்று போட்டிருந்தீர்கள். ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனதா? (வாசகர், திண்டுக்கல்)

விட்டுப்போகவில்லை. 5,455 என்பது 2020 மக்கள்தொகைக் கணக்கு. கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிய நிலப்பரப்பில் மூன்று சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு ஆள்தான் தேறும். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் வேலன்டைனில் இருக்கிறார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கில்கோர், கோடி, மெரிமன் என்று மற்ற ஊர்களும் வடக்கு ஓரத்தில் நெடுஞ்சாலை 20ஐ ஒட்டி வரிசையாக நிற்கும். 1883இல் வேலன்டைனைத் தொட்ட ரயில் பாதை போன வழி அது. ரயில் நின்ற இடமெல்லாம் ஊரானது. இன்று தண்டவாளம் இல்லை. வேலன்டைனுக்குக் கிழக்கே பாதை சைக்கிள் தடமாகிவிட்டது. தெற்கே இறங்கினால் மாட்டுப் பண்ணைகள்தான். வேலன்டைனிலிருந்து நெடுஞ்சாலை 83இல் தெட்ஃபோர்டு வரை சுமார் 105 கி.மீ.; நடுவே பெட்ரோல் பங்கை நம்பிப் போக வேண்டாம், கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடைக்கே எவ்வளவு தூரம் என்பதுதான் இங்கே வாழ்க்கைக் கணக்கு. 2010இல் 154 பேர் இருந்த கோடியில், பள்ளி மாணவர்களே நடத்தும் மளிகைக் கடை 2013இல் திறந்தது. வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய கட்டடம்.

மணற்குன்றுகள் நிறைந்த இடம் என்றால் பாலைவனம்தானே? மாடு எப்படி மேய்கிறது? (வாசகர், சிவகாசி)

மணல் உண்மை, பாலைவனம் இல்லை. 'சாண்ட்ஹில்ஸ்' என்ற இந்த மணற்குன்றுப் பரப்பு மேற்கு அரைக்கோளத்திலேயே பெரியது. சில குன்றுகள் 120 மீட்டர் உயரம். மேலே முழுக்கப் புல். ஆண்டு மழை சுமார் 500 மி.மீ.தான், ஆனால் ஓடி வீணாவதில்லை. மணல் அப்படியே உறிஞ்சி, கீழே ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. குன்றுகளுக்கிடையே தாழ்ந்த இடங்களில் அந்த நீரே ஏரியாக, சதுப்பாக எட்டிப் பார்க்கும். ஸ்நேக் போன்ற ஆறுகள் ஊற்று நீரில் ஓடுவதால் கோடையிலும் வற்றுவதில்லை. மேய்ச்சல் குன்றில், குளிர்காலத் தீவனத்துக்கு உலர்புல் தாழ்நிலத்தில்: பண்ணையின் ஆண்டு முழுதும் இதற்குள் அடங்கிவிடும்.

ஆபத்து புல் போர்வை கிழிவதில். காற்றாலைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மாடுகள் மிதித்துக்கொண்டே இருந்தாலோ, ஒரே தடத்தில் நடந்தாலோ புல் வேர் அறும். குளிர்கால வடமேற்குக் காற்று அந்தக் கிழிசலில் புகுந்து மணலை வாரி வாரிக் கிண்ணம்போல் குழி தோண்டும். விளிம்பில் புல் நிற்கும், அடியில் மணல் இருக்காது; அந்த விளிம்பும் இடிந்து விழ, குழி அகலமாகும். 'புளோஅவுட்' என்பார்கள்.

சரிசெய்ய முதலில் வேலி போட்டு மாட்டை வெளியே நிறுத்த வேண்டும். பிறகு செங்குத்தான விளிம்பை உடைத்துச் சரிவாக்கி, பழைய உலர்புல்லையும் எருவையும் பரப்ப வேண்டும். புல்லில் உள்ள விதையே முளைத்துக்கொள்ளும். பழைய டயர்களைப் போட்டு மணலை நிறுத்துவதும் உண்டு. வேலியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் எல்லாம் பாழ். ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் குழிகளின் வெறும் மணலில் வளரும் புளோஅவுட் பென்ஸ்டமன் என்ற ஊதாப்பூச் செடி, பண்ணையாளர்கள் குழிகளை மூட மூட அருகிப்போய், 1987இல் அழிநிலைப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே முன்பு இதைவிட அதிகம் பேர் இருந்தார்களா? ஏன் போனார்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

இரு மடங்குக்கும் மேல். 1900இல் 6,541 பேர், 1920இல் 11,753 பேர். கூட்டி வந்தது ஒரு சட்டம்.

1862ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறிக்கு 160 ஏக்கர் இலவசம். மழை பெய்யும் கிழக்கு நெப்ராஸ்காவுக்கு அது போதும், மணற்குன்றுக்குப் போதாது. 1904இல் வந்த கின்கெய்டு சட்டம் மேற்கு நெப்ராஸ்காவில் 640 ஏக்கராக உயர்த்தியது. ஐந்து ஆண்டு குடியிருந்து, ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்பில் மேம்பாடு செய்தால் பட்டா கிடைக்கும். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மரம் கிடையாது, புல்வேரோடு மண்ணைச் செங்கல்போல் வெட்டி வீடு கட்டினார்கள்.

கணக்கு அப்போதும் உதைத்தது. இந்தப் புல்லில் கன்றோடு ஒரு பசுவுக்கு ஆண்டு முழுக்க 15 ஏக்கராவது வேண்டும் என்று வைத்தால், 640 ஏக்கரில் நாற்பது சொச்சம் பசுக்கள். அதில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்று சோளம் போட உழுதவர்களின் வயலைக் காற்று வாரிக்கொண்டு போனது. பட்டா கைக்கு வந்ததும் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு டிராக்டரும் புல் கட்டும் இயந்திரமும் வந்து கூலியாட்களின் தேவையைக் குறைத்தன. ஆகவே 'ஊர் அழிகிறது' என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. இந்த நிலம் தாங்கக்கூடிய எண்ணிக்கை 11,753 ஆக என்றுமே இருந்ததில்லை.

அந்த அலையில் வந்தவர்களில் மறக்கக் கூடாதவர்கள் டிவிட்டி மக்கள். 1907 முதல் கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு லூப் ஆற்றங்கரையில், பிரவுன்லீ அருகே, குடியேறி அமைத்த ஊர் அது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள், பள்ளியும் தேவாலயமும் வைத்திருந்தார்கள். 1930களின் நடுவில் ஊர் கலைந்துவிட்டது.

எல்லோருக்கும் முன்னால் அது யாருடைய நிலம்? (வாசகர், வேலூர்)

லக்கோட்டா பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டையாடிய நிலம். இன்று மாநில எல்லைக்கு வடக்கே, தெற்கு டகோட்டாவில் அவர்களின் ரோஸ்பட் ஒதுக்கீட்டுப் பகுதி இருக்கிறது. அதைக் கண்காணிக்கக் கட்டியதே நியோப்ராரா கோட்டை. 1906இல் படை வெளியேறியது. 1912இல் அந்த இடம் வனவிலங்குக் காப்பிடமாக, காட்டெருமைகள் திரும்பின.

ஒரே கவுண்டியில் இரண்டு நேரமாமே? (வாசகி, நாகர்கோவில்)

ஆம். கிழக்கே உள்ள வேலன்டைன் சென்ட்ரல் நேரம், மேற்கே உள்ள மெரிமன் மவுண்டன் நேரம். மெரிமனில் காலை ஒன்பது என்றால் வேலன்டைனில் பத்து. மேற்கிலிருந்து வேலன்டைன் நீதிமன்றத்துக்குப் பத்து மணிக்கு வர வேண்டியவர், சுமார் 100 கி.மீ. பயணத்தையும் சேர்த்தால், தம் கடிகாரத்தில் எட்டு மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்துக்கு மாறிவிடும் என்பதால், யாரையாவது சந்திக்க நேரம் குறிக்கும்போது 'சென்ட்ரலா, மவுண்டனா' என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.