சார்ஜரை விடுங்கள், வெந்நீரைக் கவனியுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டு மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதன் மூலம் பருவநிலை மாற்றத்தைத் தணிக்கத் தனிமனிதரால் என்ன செய்ய இயலும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்பிய கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: கைபேசி சார்ஜரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். விளக்கை அணைக்காமல் வரும் பிள்ளைகளைக் கண்டிக்கிறேன். ஆனாலும் மீட்டர் ஓடும் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் கண்காணிக்கும் இரண்டும் இன்றைய வீட்டில் மிகக் குறைவாக மின்சாரம் இழுப்பவை. தரமான புதிய சார்ஜர் ஒன்று கைபேசி இணைக்கப்படாமல் சுவரில் மாட்டியிருக்கும்போது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.1 வாட். அதை ஆண்டு முழுவதும் கழற்றாமலே விட்டாலும் 1 யூனிட் செலவாகாது. அதே 1 யூனிட்டை 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறது. விளக்கை அணைக்கச் சொல்லும் பழக்கம் குண்டு பல்புக் காலத்தில் வந்தது; அந்த பல்பு தான் பெற்ற மின்சாரத்தில் சுமார் 5 விழுக்காட்டை மட்டுமே ஒளியாக்கி, மீதியைச் சூடாக வீணாக்கியது. அன்றைய 60 வாட் பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்இடி தருகிறது. பிள்ளைகளைக் கண்டிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கண்டிப்பின் பெரும்பகுதியைக் குளியலறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் உள்ள சாதனங்களை வெளிச்சம், ஒலி, படம் ஆகியவற்றைத் தருபவை என்றும், சூடாக்குபவை அல்லது குளிர்விப்பவை என்றும் இரு கூறாகப் பிரித்துப் பார்த்தால், மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்குபவை இரண்டாவது கூறில்தான் இருக்கும். அதிலும் தண்ணீர் வெப்பத்தை மிகுதியாக உள்வாங்கும் பொருள். 1 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 1 யூனிட் என்பது 3,600 கிலோஜூல். இந்தக் கணக்கின்படி 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் செலவாகும். 9 வாட் எல்இடி விளக்கை இரண்டு நாட்கள் இரவும் பகலும் எரியவிடுவதற்கு அது போதும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் 10 நிமிடம் நின்றால் செலவு அதைப்போல நான்கு மடங்காகிறது. ஆகவே குளியல் நேரத்தைச் சுருக்குவதும், நீர் குறைவாக விழும் ஷவர் முனையைப் பொருத்துவதும் ஆயிரம் முறை சார்ஜரைக் கழற்றுவதைவிடப் பயன் தரும்.

கேள்வி: கீசரை அடிக்கடி அணைத்துப் போடுவதைவிட நாள் முழுவதும் ஓடவிடுவதே சிக்கனம் என்று ஒரு மின்பணியாளர் சொன்னார். வெப்பநிலையைக் குறைத்து வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். எதை ஏற்பது?

பதில்: முதல் கருத்து சரியல்ல. தொட்டியில் உள்ள நீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிடம் இழக்கும். அணைத்துவிட்டால் நீர் ஆற ஆற இழப்பும் குறைந்துகொண்டே போகும். திரும்பச் சூடாக்கும் செலவு, இடைவிடாமல் சூட்டைக் காத்துக்கொண்டிருக்கும் செலவைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். இரண்டாவது கருத்தைக் கவனத்தோடு ஏற்க வேண்டும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் தேங்கி நிற்கும் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா நுண்ணுயிரி பெருகக்கூடும் என்பதால், தொட்டியுள்ள கீசரை 60 டிகிரி அளவில் வைப்பதே பாதுகாப்பு. மிச்சப்படுத்த வேண்டியது நீரின் அளவையும் கீசர் எரியும் நேரத்தையும்தான். பழைய கீசரை மாற்றும் வேளை வந்தால் வெப்ப ஏற்றி (ஹீட் பம்ப்) வகையைப் பற்றி விசாரியுங்கள். அது வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து நீருக்குள் செலுத்துவதால், சாதாரண கீசர் எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே அதே வெந்நீரைத் தரவல்லது.

கேள்வி: ஏசியை 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையா?

பதில்: ஒரே வேகத்தில் இயங்கும் கம்ப்ரசர் கொண்ட ஏசியில் இது உண்மையே அல்ல. ரிமோட்டில் 18 என்று வைத்தாலும் 26 என்று வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18-ல் வைத்தால் 26-ஐத் தொட்ட பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேறுபாடு. இன்வெர்ட்டர் ஏசி தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்றாலும், அதன் சிக்கனம் மெதுவாக ஓடும்போதுதான் கிடைக்கிறது. எட்ட முடியாத ஓர் எண்ணைக் கொடுத்து அதை முழு வேகத்திலேயே ஓட்டினால், கூடுதல் பணம் கொடுத்து இன்வெர்ட்டர் வாங்கியதில் பொருளில்லை.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை என்பதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அது வெளியே எடுத்துக் கொட்டுகிறது. 1.5 டன் ஏசி என்றால், முழு வேகத்தில் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன் உள்ளது என்று பொருள். அந்த வேலைக்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் 1.5 கிலோவாட். வெளியேற்றிய வெப்பத்தின் இடத்தில் சுவர், சன்னல், கூரை வழியாகப் புதிய வெப்பம் நுழைந்துகொண்டே இருக்கும். அது எவ்வளவு நுழையும் என்பதை உள்ளும் வெளியும் உள்ள வெப்பநிலைகளின் வேறுபாடு தீர்மானிக்கிறது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது அறையை 18-ல் வைத்தால் வேறுபாடு 17 டிகிரி. 26-ல் வைத்தால் 9 டிகிரி. சுவர் வழியே கசிந்து வரும் வெப்பம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. வெயில் விழும் சன்னலுக்கு வெளிப்புறம் நிழல் அமைப்பதும், கதவிடுக்குகளை அடைப்பதும், காற்று வடிகட்டியைக் கழுவி மாட்டுவதும் இதே கணக்கில் சேர்பவை. கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் திரைச்சீலையைவிட வெளிப்புற நிழல் பல மடங்கு சிறந்தது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்டால் அதன் வெப்பத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும்.

மின்விசிறியைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். தோலின் மீது காற்று படும்போது வியர்வை விரைந்து உலர்வதால், ஏசியை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி வைத்தாலும் அதே இதம் கிடைக்கும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. ஆளில்லாத அறையில் அதை ஓடவிட்டால் அதன் மோட்டார் அந்த அறையைச் சிறிது சூடாக்கவே செய்யும். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்குமிடத்தில் பிஎல்டிசி எனப்படும் தூரிகையற்ற மோட்டார் கொண்டது 30 வாட் அளவில் முடித்துவிடும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழலும் இடமென்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மிச்சமாகும். என் கருத்தில், எல்இடிக்கு அடுத்தபடியாக எவரும் தயங்காமல் செய்யக்கூடிய மாற்றம் இதுவே.

கேள்வி: நன்றாக இயங்கும் பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது சுற்றுச்சூழலுக்கு நல்லதா? புதியதைத் தயாரிக்கவும் ஆற்றல் செலவாகுமே?

பதில்: நியாயமான ஐயம். ஃபிரிட்ஜ் ஆண்டு முழுவதும் ஓயாமல் ஓடும் சாதனம் என்பதால், அதன் வாழ்நாள் ஆற்றல் செலவில் பெரும்பகுதி தயாரிப்பில் அன்றிப் பயன்பாட்டில்தான் ஏற்படுகிறது. அதற்காக ஐந்தாறு ஆண்டுகளே ஆன ஒன்றை மாற்ற வேண்டியதில்லை. கதவின் ரப்பர் விளிம்பைச் சரிபார்த்து, பின்புறம் காற்றோட்டம் விட்டு வைத்தாலே போதும். இருபது ஆண்டு பழையதை மாற்றுவது பெரும்பாலும் ஆதாயமே, பழையதை வேறோர் அறையில் வைத்து அதையும் ஓட்டாதவரையில். புதியது வாங்கியவர்கள் பலர் பழையதைப் ‘பானங்களுக்கு மட்டும்’ என்று வைத்துக்கொண்டு இரண்டு ஃபிரிட்ஜ்களுக்கு மின்சாரம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் குளிர்விப்பதற்காக உள்ள ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல 1,400 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்க வல்லது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்காகவே 2016-ஆம் ஆண்டு ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் கூடி உடன்பாடு கண்டன. குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுபவரிடம் கொடுக்காமல், அதை உறிஞ்சி மீட்கும் வசதியுள்ள மறுசுழற்சி நிலையத்திடம் பழையதை ஒப்படையுங்கள். ஏசிக்கும் இது பொருந்தும்.

கேள்வி: சமையலில் ஆற்றலை மிச்சப்படுத்த ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.

பதில்: பாத்திரத்தை மூடுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு பெருந்தீ வைத்தாலும் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. மிகுதி வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். 1 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு, அதை முழுதும் ஆவியாக்கச் செலவாகிறது.

கேள்வி: நான் ஒருவன் மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது? மின்சாரம் சிக்கனமாகக் கிடைத்தால் மனிதர்கள் இன்னும் அதிகமாகத்தானே பயன்படுத்துவார்கள்?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-ஆம் ஆண்டிலேயே எழுப்பிவிட்டார். நீராவி எந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் கூடுதல் வேலை செய்யத் தொடங்கியதால் அவற்றின் பயன்பாடு பரவி, நிலக்கரியின் மொத்த நுகர்வு பெருகியது என்று அவர் காட்டினார். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. எல்இடி வந்தபின் அலங்கார விளக்குகள் பெருகியதை எவரும் பார்க்கலாம். எனினும், வெந்நீர்ச் செலவு பாதியாகிவிட்டது என்பதற்காக எவரும் நாளுக்கு இருமுறை கூடுதலாகக் குளிப்பதில்லை. தேவை நிறைவடைந்துவிட்ட இடங்களில் மிச்சம் பெரும்பாலும் மிச்சமாகவே நிற்கும். குளிர்விப்பைப்போல ஆசை இன்னும் அடங்காத இடங்களில்தான் எச்சரிக்கை வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தனிமனிதரின் ‘கார்பன் தடம்’ என்ற எண்ணத்தைப் பரப்பியதில் பிபி எண்ணெய் நிறுவனம் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் செய்த விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பொறுப்பை முழுவதும் நுகர்வோர் தலையில் கட்டும் முயற்சி அது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அதேவேளையில், ஐபிசிசி எனப்படும் பன்னாட்டு அறிவியல் குழுவின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, நுகர்வுப் பக்கத்தில் செய்யும் மாற்றங்களால் 2050-க்குள் கட்டடம், போக்குவரத்து போன்ற பயன்பாட்டுத் துறைகளின் உமிழ்வை 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்க இயலும் என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டில் தனிமனித மன உறுதி மட்டும் அடங்கவில்லை. வெப்பம் புகாத கட்டடங்கள், நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஏற்ற தெருக்கள், சாதனங்களுக்கான தர விதிகள் ஆகியவையும் சேர்ந்தே கணக்கிடப்பட்டன. நிலக்கரியில் ஓடும் மின் நிலையம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. 1 யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. வீட்டில் குறையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அங்கே மூன்று மடங்கு நிலக்கரி வெப்பம் தேவையற்றதாகிறது. உங்கள் பங்கு சிறியது என்பது உண்மை. அது வீண் என்பது உண்மையல்ல.

கேள்வி: எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கருவி ஏதும் வாங்காமல் கண்டறிய முடியுமா?

பதில்: முடியும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். எத்தனை முறை சிமிட்டினால் 1 யூனிட் என்பது அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று இருந்தால், இரண்டு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் 1,125-ஐ வகுத்தால் அந்நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 1,600 என்று இருந்தால் 2,250-ஐ வகுக்க வேண்டும். எல்லோரும் உறங்கச் செல்லும் முன் விளக்கு, மின்விசிறி, ஏசி, கீசர் அனைத்தையும் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடாத நேரமாகப் பார்த்து எண்ணுங்கள். 15 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் 75 வாட்; யாரும் எதையும் பயன்படுத்தாதபோதே ஆண்டுக்கு 650 யூனிட்டுக்கு மேல் போகிறது என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து மறுபடியும் எண்ணினால், செட்டாப் பாக்ஸோ பழைய ஒலிபெருக்கியோ மறந்துபோன மின்மாற்றியோ, இழுத்துக்கொண்டிருப்பது எது என்று அன்றிரவே தெரிந்துவிடும்.