வீடியோ கடை மூடியாச்சு, கேசட்டை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தெரு வீடியோ கடை மூடியபோது வாங்கிய வி.ஹெச்.எஸ். கேசட்டுகள் பீரோவில் கிடக்கின்றன. சிலவற்றின் டேப்பில் வெள்ளைப் பூச்சு. கேசட் ஓட்டும் டெக்கில் போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். அது பூஞ்சை. டெக்கினுள் டேப்பைப் படிக்கும் உருளையான ஹெட் டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. பூஞ்சை அதில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். வெயிலிலும் காயவைக்காதீர்கள், டேப் சுருங்கி நெளியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு வாரம் வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சை பொடியாகும். பிறகு முகக்கவசம் அணிந்து, மொட்டைமாடியில் வைத்து, அடிப்பக்கத்து ஐந்து திருகுகளைக் கழற்றுங்கள். அப்படியே திறந்தால் ஸ்பிரிங் தெறிக்கும். இரு பாதியையும் சேர்த்துப் பிடித்து, நிமிர்த்திவிட்டு மேல்மூடியை எடுங்கள். நூல் பிரியாத துணியால் டேப்பை மெதுவாகச் சுற்றியபடி துடைத்து, சுத்தமான வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள்.

உடனே கணினியில் பதிவு செய்யுங்கள்: நம் நாட்டு டிவி முறையான பால் (PAL), படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம். மூன்று மணி நேர டேப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. கடைசிவரை டெக் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது, அதனால் பழைய டெக்தான் கதி. அதில் டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை இறுகியிருந்தால் டேப்பை மென்றுவிடும். முதலில் வேண்டாத கேசட்டைப் போட்டுப் பாருங்கள். நெகட்டிவ் அழிந்த படமென்றால், உங்கள் கேசட்டே மிஞ்சிய பிரதியாக இருக்கக்கூடும்.

கேள்வி: இடித்த தியேட்டரில் கிடைத்த ஃபிலிம் சுருளில் வினிகர் வாடை?

பதில்: ஃபிலிமின் அடிப்படைப் பிளாஸ்டிக்கான அசிடேட் சிதைகிறது. அந்த ஆவி மற்ற சுருள்களையும் கெடுக்கும். தனியாக, காற்றோட்டமாக, குளுமையான இடத்தில் வையுங்கள்.