பூட்டிக்கொண்டே இழுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில், லெஸ்டரில் வசிக்கிறோம். அண்மையில் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அதனுடன், காருடன் இணையும் பகுதியில் மாட்டும் பூட்டான ஹிட்ச் லாக் ஒன்றும் கிடைத்தது. கோடை விடுமுறைக்குக் கார்ன்வால் செல்லவிருக்கிறோம். லாக்கைப் பூட்டிய நிலையிலேயே இழுத்துச் சென்றால் இணைப்பு கழன்றுவிடாது, திருட்டுப் பயமும் இல்லை என்கிறார் என் மைத்துனர். அமெரிக்கக் காணொளிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ ஓடும்போது பூட்டவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதே பெரும்பாலும் சரி. ஹிட்ச் லாக் என்பது நின்றுகொண்டிருக்கும் கேரவனைத் திருடனிடமிருந்து காப்பதற்கான பூட்டு; ஓடும் கேரவனைக் காருடன் பிடித்து வைப்பது அதன் வேலை அன்று. அந்த வேலையைச் செய்வது கேரவனின் முன்புறத்தில் உள்ள கப்ளிங் என்னும் கவ்வி. அது காரின் பின்புறத்தில் உள்ள 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக உருண்டையான டோ பாலின் மேல் சரியாக உட்கார்ந்து கவ்வியிருந்தால் பூட்டு தேவைப்படாது. சரியாகக் கவ்வாதிருந்தால், அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூட்டை மாட்டினாலும் அதை நம்பிப் புறப்பட முடியாது. மைத்துனரின் யோசனையில் எனக்குள்ள பெரிய குறையே, பூட்டு மாட்டியாயிற்று என்ற நிம்மதியில் இந்தச் சோதனையை விட்டுவிடத் தோன்றும் என்பதுதான்.

சோதனை எளிது. கப்ளிங்கை டோ பாலின் மேல் இறக்கியதும், அதில் பச்சை அடையாளம் இருந்தால் அது தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலைச் சில சுற்றுகள் கீழே திருகுங்கள். கேரவனின் மூக்குடன் சேர்ந்து காரின் பின்பக்கமும் மேலே எழும்பினால் இணைப்பு கவ்விவிட்டது என்று பொருள். புறப்படுவதற்கு முன் அந்தச் சக்கரத்தை முழுவதுமாக உயர்த்தி இறுக்கிவிடுங்கள்.

இனி, பூட்டியபடி ஓட்டுவதில் உள்ள அபாயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தாலோ, கேரவனில் தீப்பிடித்தாலோ, காரையும் கேரவனையும் உடனே பிரிக்க வேண்டியிருக்கும். பிரிக்க வருபவர் நீங்களாக இல்லாமல் தீயணைப்பு வீரராகவோ பழுது பார்ப்பவராகவோ இருக்கலாம். சாவி உங்கள் சட்டைப் பையிலும் நீங்கள் ஆம்புலன்ஸிலும் இருந்தால் அவர் என்ன செய்வார்? அடுத்தது, வளைவுகளிலும் மேடு பள்ளங்களிலும் கப்ளிங் டோ பாலின் மேல் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அசைய வேண்டும். பருமனான பூட்டு அப்போது டோ பாலைத் தாங்கும் டோ பாரில் இடிக்கக்கூடும். பிரேக்அவே கேபிளிலும் சிக்கக்கூடும். இந்தக் கேபிள் சாதாரணமானதன்று. இணைப்பு கழன்றுவிட்டால், கேரவனின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தானும் அறுந்துபோவதற்காகவே அமைக்கப்பட்ட மெல்லிய கம்பி அது. அதன் பாதையில் எதுவும் குறுக்கிடக் கூடாது. மழை நீர், சேறு, குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு ஆகியவை பூட்டின் துவாரத்தில் புகுந்து, தேவையான நேரத்தில் சாவி திரும்பாமல் செய்வது தனி.

அமெரிக்கக் காணொளிகள் பொய் சொல்லவில்லை. அவை வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றன. அங்கே பரவலாக உள்ள கப்ளிங்கில் தாழ்ப்பாள் தானாக மேலே எழும்பிவிடாமலிருக்க அதிலுள்ள துளையில் ஒரு பின் செருக வேண்டும். பலர் அந்தப் பின்னுக்குப் பதிலாகச் சிறு பூட்டைப் போடுகிறார்கள். ஐரோப்பியக் கேரவன்களின் கப்ளிங்கில் உள்ள கைப்பிடி வேறு அமைப்பு. எனவே அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

விதிவிலக்கும் உண்டு. இணைந்த நிலையிலும் பிரிந்த நிலையிலும் பூட்டக்கூடிய லாக்குகள் விற்கப்படுகின்றன. ஆனால் இணைந்த நிலையில் பூட்டலாம் என்பதும், பூட்டியபடி ஓட்டலாம் என்பதும் ஒன்றல்ல. ஓட்டலாம் என்று தயாரிப்பாளரின் கையேடு வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே ஓட்டுங்கள். அப்போதும் சாவி காருக்குள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். உங்களுடையது பழைய கேரவனுடன் வந்த லாக் என்பதால், அது உங்கள் கப்ளிங்கின் மாதிரிக்கு ஏற்றதுதானா என்பதையும் பாருங்கள். வேறொரு மாதிரிக்காகச் செய்யப்பட்ட பூட்டு மாட்டிக்கொண்டதுபோல் தோன்றும், தட்டினால் ஆடும்.

கேள்வி: அப்படியானால் வழியில் மோட்டர்வே சர்வீசஸில், அதாவது நெடுஞ்சாலை ஓய்விடத்தில், தேநீர் குடிக்க இறங்கும்போதும் லாக்கைக் கழற்றியே வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், பூட்டு முதன்மையாகப் பயன்பட வேண்டிய இடமே அதுதான். கைப்பிடியை உயர்த்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, கேரவனைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு போவதற்கு, பழகிய திருடனுக்கு அதிக நேரம் பிடிக்காது. ஆகவே உங்கள் லாக் இணைந்த நிலையில் மாட்டக்கூடியதாக இருந்தால், பத்து நிமிடம் இறங்கினாலும் பூட்டுங்கள். ஆளில்லாமல் விடும்போது என்னென்ன பூட்டுகள் இருக்க வேண்டும் என்று உங்கள் காப்பீட்டு ஒப்பந்தம் கேட்கிறது என்பதை முன்னதாகவே படித்துவிடுங்கள். ஹிட்ச் லாக்குடன் சக்கரப் பூட்டையும் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. சக்கரப் பூட்டை மறந்து வண்டியை நகர்த்தினால் சக்கரமும் அதன் மேல் உள்ள தகடும் சேதமடையும். எனவே பூட்டு மாட்டியதும் அதன் உறையையோ ஒரு சிவப்புத் துணியையோ காரின் ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். திரும்பி வந்து அமர்ந்ததும் அது கையில் தட்டுப்படும்.