பெரு காட்டு உருளை விதைன்னு விக்கிறாங்க, வாங்கலாமா?

நீலகிரில கேத்தி பக்கத்துலருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கார்: "பெரு நாட்டு காட்டு உருளையாம், கால்சியம், இரும்புச்சத்து எல்லாம் நம்ம கிழங்கவிட பல மடங்காம். புரோக்கர் ஒருத்தர் விதைக்கிழங்கு தர்றேன், விளைஞ்சத நானே எடுத்துக்கிறேன்ங்கறார். அரை ஏக்கர்ல போட்டுப் பாக்கவா?"

போடாதீங்கண்ணே. சத்து விஷயம் முழுப் பொய் இல்ல, அதனாலதான் இந்த வியாபாரம் எடுபடுது. தென் அமெரிக்கப் பக்கம் காட்டு உருளை இனங்க ஏகப்பட்டது இருக்கு, அதுல மைக்ரோடாண்டம் மாதிரி சிலதுல கால்சியம் நிறையவே இருக்குன்னு அமெரிக்காவுல விஸ்கான்சின்ல வளத்துப் பாத்திருக்காங்க. ஆனா ஒரே இனத்துக்குள்ளயே செடிக்குச் செடி மாறும், அதனால பேர மட்டும் வச்சு சத்து நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. கிழங்கும் பெரும்பாலும் கோலிகுண்டு சைஸ்தான், கசக்கும். அந்தக் கசப்பு விஷம், நூறு கிராமுக்கு 20 மில்லிகிராம தாண்டுனா ஆகாது, வேகவச்சாலும் போகாது. காட்டு இனத்தக் கலந்து உருவாக்குன லெனாபி ரகத்த 1967ல வெளியிட்டு, இதே விஷம் ஜாஸ்தின்னு 1970ல வாபஸ் வாங்குனாங்க.

"ஆண்டிஸ் மலைல கசப்புக் கிழங்கு சாப்பிடுறாங்களே"ன்னு புரோக்கர் மடக்குவார். சாப்பிடுறாங்க, ஆனா அது அவங்க தலைமுறையா பயிர் பண்ற கிழங்கு, காட்டுக்கிழங்கு இல்ல. அதையும் ராத்திரி உறைபனில பரப்பி, பகல்ல வெயில்ல விட்டு, கால்ல மிதிச்சு தண்ணிய வெளியேத்தி, சிலத வாரக்கணக்குல தண்ணில ஊறப்போட்டு, அப்புறம் காயவச்சு சுன்யோன்னு ஆக்கித்தான் சாப்பிடுறாங்க, சில கிழங்க ஒருவகைக் களிமண்ணக் குழைச்சு தொட்டுக்கிறதும் உண்டு. ஊட்டில ஜனவரில நாலு நாள் உறைபனி விழறத நம்பி இதுல இறங்க முடியாது.

எனக்கு பெரிய பயம் நூற்புழுதான், உருளை வேர்ல தொத்தி விளைச்சலக் கெடுக்குற பொடிப்புழு, விதைக்கிழங்குல ஒட்டுன மண்ணோடயே வந்துடும். 1961லயே நீலகிரில கண்டுபிடிச்சது, அதுவும் ஆண்டிஸ் சொத்து, முட்டைக்கூடு மண்ணுல இருபது வருஷம்கூட கெடக்கும். இம்போர்ட் பர்மிட் இல்லாம வெளிநாட்டு விதைக்கிழங்கு உள்ள வரவே கூடாது. பேப்பர் காட்டுங்கன்னு கேளுங்க, "வந்துட்டிருக்கு"ம்பாங்க. பாதி பேர் விக்கிறது காட்டு உருளையே கிடையாது, ஊதாத் தோல் பொடிக்கிழங்கு! விதைக் காசு கைக்குப் போனதும் சரி, அறுவடை சமயத்துல கூப்பிட்டா ஃபோன் எடுக்க மாட்டாங்க.

2018ல இதே நூற்புழுவாலதான் இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர் விதைக்கிழங்குக்கு தடை போட்டாங்க. தடை போட ஒரு ஆர்டர் போதும், பதிலுக்கு நல்ல விதைய நேரத்துக்கு குடுக்கத்தான் யாருக்கும் அவசரமில்ல, அந்த ஓட்டைலதான் இவங்க நுழையறாங்க. சத்து ஜாஸ்தின்னு மண்டில ஒரு ரூபா கூடவும் தரமாட்டாங்க, அங்க சைஸ்தான் விலை.

ஊட்டி பக்கம் முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல போய் நூற்புழு தாங்குற, குஃப்ரின்னு பேர் வர்ற ரகம் எது கிடைக்கும்னு கேளுங்க. அட்வான்ஸ் குடுத்து கிழங்கு வந்துடுச்சுன்னா மூட்டைய தோட்டத்துல பிரிக்காதீங்க, அப்படியே அங்க சொல்லிடுங்க.