சாதாரண பெட்ரோலுக்குச் செய்த காரில் பிரீமியம் போட்டால் பலன் உண்டா? – கேள்வி பதில்

கோயமுத்தூரில் இருபது வருடமாக கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். எக்ஸ்பி 95, பவர் 95, ஸ்பீடு என்று பங்கில் விற்கும் பிரீமியம் பெட்ரோலைப் பற்றிக் கேள்வி வராத நாளே இல்லை. இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 2022 ஸ்விஃப்ட் இருக்கிறது. இன்ஜினுக்கு நல்லது என்று நண்பர் சொன்னதால் ஒரு வருடமாக 95 ஆக்டேன்தான் போடுகிறேன். சரிதானா?

கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் காருக்கு அது தேவையில்லை. மேனுவலை எடுத்துப் பாருங்கள். ஆக்டேன் 91 அல்லது அதற்கு மேல் என்று இருக்கும். 91 போதும் என்று வைத்துத்தான் அந்த இன்ஜினைச் செய்திருக்கிறார்கள்.

ஆக்டேன் என்றால் பெட்ரோலின் சக்தி என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண் பெட்ரோலின் பொறுமையைச் சொல்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்ததை பிஸ்டன் மேலே வந்து நசுக்கும். நசுக்க நசுக்கச் சூடு ஏறும். பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். சில நேரம் தீ வந்து சேர்வதற்குள் மூலையில் இருக்கும் மிச்சக் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். மேட்டில் டாப் கியரிலேயே இழுக்கும்போது டப்பாவுக்குள் கூழாங்கல்லைக் குலுக்கியது போல ஒரு சத்தம் வருமே, அதேதான். இதை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்க ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்திருக்கிறார்கள். 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள். நாக்கிங் வராத இன்ஜினில் கூடுதல் பொறுமைக்கு வேலையே இல்லை.

லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்று வைத்தால்கூட, 35 லிட்டர் டேங்குக்கு 280 ரூபாய். மாதம் மூன்று டேங்க் என்றால் 840 ரூபாய். வருடக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் காசில் ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடலாம். மைலேஜ் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஆனால் 95 போட்ட அன்று பிக்கப் நன்றாக இருக்கிறதே சார்? மைலேஜும் ஒரு கிலோமீட்டர் கூடியது.

இதை அடிக்கடி கேட்கிறேன். நீங்கள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு டேங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த டேங்கில் நெடுஞ்சாலை ஓட்டம் கூடுதலாக இருந்திருக்கலாம், ஏசி குறைவாக ஓடியிருக்கலாம், டயருக்குக் காற்று அப்போதுதான் பிடித்திருக்கலாம். காரின் திரையில் காட்டும் மைலேஜையும் நம்ப வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்பு. பம்பு தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தி நிரப்புங்கள். சாதாரணத்தில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க் ஓட்டி, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதி வையுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் வேகன்ஆரில் இப்படிப் பொறுமையாக எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு கணக்குக்கும் இடையில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. அதற்கப்புறம் அவர் பிரீமியம் போடுவதை விட்டுவிட்டார்.

கேள்வி: இப்போதைய கார்களில் நாக் சென்சார் இருக்கிறது. 95 போட்டால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னே நகர்த்திக் கூடுதல் பவர் எடுக்காதா?

நல்ல கேள்வி. சென்சாருக்கு நாக்கிங் கேட்டால் டைமிங்கைப் பின்னே இழுப்பதுதான் ஈசியூவின் முதல் வேலை. நாக்கிங் இல்லையென்றால் முன்னே போகும், ஆனால் கம்பெனி எழுதி வைத்த எல்லை வரைதான். 91-க்கு எழுதிய இன்ஜினில் அந்த எல்லையை 91-லேயே தொட்டுவிடும். சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறீர்கள் என்றால் 95 கொஞ்சம் கைகொடுக்கலாம். அன்றாட ஓட்டத்தில் இல்லை.

கேள்வி: என்னுடையது டர்போ பெட்ரோல். எனக்கும் இதே பதிலா?

இல்லை. டர்போ காற்றை அடைத்துத் தள்ளுவதால் சூடும் அழுத்தமும் கூடுதல். சில ஐரோப்பியக் கார்களில் பெட்ரோல் மூடிக்குள் 95 என்று எழுதி, குறைந்தது 91 என்றும் போட்டிருக்கும். 91-ல் ஓடும், 95-ல் முழு பவர் கிடைக்கும் என்று அர்த்தம். அந்தக் காருக்கு 95 போடுங்கள், செலவு வீண் இல்லை. மூடிக்குள் 91 மட்டும்தான் இருக்கிறதென்றால், டர்போவாக இருந்தாலும் 91 போதும்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குப் பயந்து பிரீமியத்துக்கு மாறினேன். எத்தனால் இருக்காது அல்லவா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரீமியம் என்பதால் எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது. பம்பின் மேல் இ20 என்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொரு விஷயம்: எத்தனாலுக்கே ஆக்டேன் 100-க்கு மேல். 20 சதவீதம் கலந்த சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன் அளவுக்கு வருகிறது என்று பெட்ரோலியம் அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஆக்டேனுக்காகக் கூடுதல் காசு கொடுக்கும் காரணம் இன்னும் சுருங்கிப்போகிறது. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20-ல் மைலேஜ் குறைவது அதனால்தான். அந்தக் குறையை ஆக்டேன் நிரப்பாது.

கேள்வி: அமெரிக்காவில் தம்பி 87 போடுகிறான், 91 அங்கே பிரீமியமாம். நம் சாதாரண பெட்ரோல் அவ்வளவு உசத்தியா?

அளவுகோல் வேறு. நாம் சொல்வது ஆர்ஓஎன், அதாவது லேசான சோதனையில் எடுக்கும் ஆக்டேன் எண். அங்கே ஆர்ஓஎன்னையும், கடினமான சோதனையில் எடுக்கும் எம்ஓஎன் என்ற எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து பம்பில் போடுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறத்தாழ நம் 91-க்குச் சமம். 2016-ல் அங்கே ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோல் போதும் என்று சொல்லப்பட்ட கார்களில் பிரீமியத்தால் பவரோ மைலேஜோ குறிப்பிடும்படி கூடவில்லை. ஒரே வருடத்தில் அமெரிக்கர்கள் இப்படி வீணாக்கியது 210 கோடி டாலருக்கு மேல் என்றும் அது கணக்கிட்டது. உங்கள் தம்பியின் காருக்கு 87 என்று எழுதியிருந்தால் நிம்மதியாக அதையே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மேட்டில் நாக்கிங் வருகிறது. பிரீமியம் போடட்டுமா?

இன்றைய பெட்ரோலைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓடிய வண்டி அது. இப்போது நாக்கிங் வருகிறதென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. டைமிங், பிளக், ரேடியேட்டர், சிலிண்டருக்குள் கரி என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிரீமியம் சத்தத்தை அடக்கிவிடும். நோயை மறைத்துக்கொண்டு ஓட்டுவீர்கள். அது வேண்டாம்.

கேள்வி: பங்கில் கேட்காமலேயே பிரீமியம் போட்டுவிட்டார்கள். டேங்கைக் காலி செய்ய வேண்டுமா?

வேண்டாம், அப்படியே ஓட்டுங்கள். அடுத்த முறை சாதாரணத்தை அதன் மேலேயே போடலாம், கலந்தால் ஒன்றும் ஆகாது. வண்டியை நிறுத்தியதும் "நார்மல் போடுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, பம்பில் பூஜ்யத்தோடு லிட்டர் விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.