நடிப்பை நிறுத்துங்கள், தேடலைத் தொடருங்கள்

கேள்வி: வயது 43. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் 14 ஆண்டுகள் இருந்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. மனைவிக்குத் தெரியும், எங்களோடு இருக்கும் அப்பாவுக்குத் தெரியாது. தினமும் லேப்டாப் பையோடு கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன். போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. எதிலும் மனம் ஒன்றவில்லை.
- வேளச்சேரி வாசகர்

பதில்: நூலகத்துக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்துங்கள். "என்னப்பா, இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாய்?" என்பதற்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும் மூளை, நேர்காணலுக்கு எப்போது தயாராகும்? அப்பா இரண்டு நாள் கலங்குவார். அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

படபடப்புக்கு மூச்சுப் பயிற்சி சொல்வார்கள், செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் நடு இரவில் எழுப்பி உட்கார வைப்பது பணக்கவலை. மனைவியோடு உட்கார்ந்து, கையிருப்பு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். 14 ஆண்டுப் பணிக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி மாதச் சம்பளத்தில் கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் பகுதியை (அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி முதலியவை) 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கிப் பாருங்கள். வேலை போன 30 நாட்களுக்குள் தந்திருக்க வேண்டிய தொகை அது. வரவில்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். வீட்டுக்கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் பேச்சே வேறு. நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீடும் பொதுவாக வேலையோடு போய்விடும். வீட்டில் வயதானவர் இருக்கிறார், வேறு காப்பீடு எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி வேலை தேடல். கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்பினால் களைப்புதான் மிஞ்சும். காலை நேரத்தை ஒதுக்கி, நாளுக்கு இரண்டே விண்ணப்பம். அறிவிப்பை முழுதாகப் படித்து, ரெஸ்யூமேயின் முதல் அரைப் பக்கத்தை அதற்கேற்ப மாற்றி அனுப்புங்கள். "சோதனைக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வெளியீட்டுக்கு முன் எந்தக் கோளாறைப் பிடித்தீர்கள், அது தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். இதுவரை கையால் மட்டும் சோதித்தவர் என்றால், பிற்பகலைச் செலினியம், பிளேரைட் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகளைக் கற்பதற்குக் கொடுங்கள். முன்பே விலகிப்போன பழைய சகாக்களுக்குக் கூச்சப்படாமல் போன் செய்யுங்கள். உள்ளிருப்பவரின் பரிந்துரைக்குத் தனி மதிப்பு உண்டு. வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்பவரிடம் மட்டும் பேச்சை வளர்க்காதீர்கள்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து நாக்கு குழறினால், "ஐந்து நிமிடத்தில் நானே அழைக்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், "ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது" என்ற ஒற்றை வரி போதும். பழைய நிறுவனத்தைத் திட்டவும் வேண்டாம், குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.